இரண்டு மேஜைக்கரண்டி பெயின்ட்

அடுத்த தடவை சிக்னலில் நிற்கும்போது, உங்களுக்கு முன்னால் நிற்கிற காரின் பின்பக்கத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வண்டியின் பெயர் ஒட்டியிருக்கிறதே, அந்த எழுத்துகளின் இடுக்கில், நம்பர் பிளேட்டுக்கு மேலே உள்ள விளிம்பில், கண்ணாடியைச் சுற்றி ஓடுகிற கறுப்பு ரப்பரில்... சுண்ணாம்பு பட்டுக் காய்ந்த மாதிரி வெள்ளையாக ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால் அந்த வண்டிக்குச் சமீபத்தில் மெஷின் பாலிஷ் போட்டிருக்கிறார்கள் என்று தாராளமாகச் சொல்லலாம். இன்னொன்றும் சொல்லலாம். போட்டவர்கள் ஒழுங்காகத் துடைக்கவில்லை.

'இதையெல்லாமா எழுதுவீங்க?' என்று நீங்கள் முனகுவது கேட்கிறது. எழுதத்தான் வேண்டும். அந்த பாலிஷுக்காக அந்த மனுஷர் சில ஆயிரம் ரூபாய் கொடுத்திருப்பார். அந்த வெள்ளைப் பொடியில் அவருடைய காரின் மேல்தோலும் கொஞ்சம் கலந்திருக்கிறது. அதையெல்லாம்விட முக்கியமான சங்கதி, அந்தப் பொடியும் அதோடு சேர்ந்த எண்ணெயும் முழுசாகப் போகிற வரைக்கும், கொடுத்த காசுக்கு வேலை நடந்திருக்கிறதா இல்லையா என்பது அவருக்கும் தெரியாது, வேலை பார்த்தவருக்கும் தெரியாது.

இதை எனக்குப் புரியவைத்த ஊர் தளி.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரிலிருந்து ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். கர்நாடக எல்லையை உரசிக்கொண்டு இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் காலத்தில் 'லிட்டில் இங்கிலாந்து' என்று பெயர் வாங்கிய ஊர் என்பார்கள். இஸ்ரேல் ஒத்துழைப்போடு தோட்டக்கலைத் துறை நடத்துகிற கொய்மலர் மகத்துவ மையம் அங்கேதான் இருக்கிறது. நான் போனதும் ரோஜாவைப் பார்க்கத்தான். ஆனால், திரும்பி வரும்போது மனசில் நின்றது ரோஜா இல்லை. தளி ரோட்டில் பஞ்சர் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே தகரக் கொட்டகை போட்டிருந்த ஒரு பாலிஷ் கடை.

அந்தப் பக்கம் இப்படிக் கடைகள் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு பக்கம் ஓசூர் சிப்காட். 1980-களிலிருந்தே லாரியும் டூ வீலரும் கைக்கடிகாரமும் தயாரிக்கிற பூமி. பெயின்ட், பஃபிங், பாலிஷ் என்றால் என்னவென்று தெரிந்த கைகள் அங்கே தலைமுறையாக இருக்கின்றன. இன்னொரு பக்கம் பெங்களூரு. அங்கே ஓடிக் களைத்த வண்டிகள் ஓசூரில் கைமாறுகின்றன. டி.என்.70-ம் கே.ஏ.51-ம் ஒரே தெருவில் அண்ணன் தம்பி மாதிரி நிற்கும். மூன்றாவதாகத் தூசி. தேன்கனிக்கோட்டை வட்டாரம் முழுக்க கிரானைட் குவாரிகள். கல் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் போனால், பின்னால் போகிற வண்டி நிறம் மாறிவிடும்.

அந்தத் தூசியை நாம் சாதாரணமாக நினைத்துவிடுகிறோம். அதில் கணிசமான பங்கு பொடிந்த கருங்கல். அதில் குவார்ட்ஸ் இருக்கிறது. குவார்ட்ஸ், சமையலறைக் கத்தியின் எஃகைவிடக் கடினமானது. தினமும் காலையில் எழுந்ததும் காய்ந்த துணியை எடுத்து வண்டியை 'பளிச்'சென்று துடைக்கிற பழக்கம் நம்மில் நிறைய பேருக்கு உண்டு, இல்லையா? அது துடைப்பது இல்லை. உப்புத்தாள் போடுவது.

அப்படி வருஷக்கணக்கில் உப்புத்தாள் போட்ட வண்டியை வெயிலில் நிறுத்திப் பார்த்தால், சூரியன் தெரிகிற இடத்தைச் சுற்றி வட்ட வட்டமாக, சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள் மினுங்கும். உண்மையில் அந்தக் கீறல்கள் வட்டமாக இல்லை. எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே விழுந்தவை மட்டும் மின்னுவதால் வட்டம் மாதிரி தெரிகிறது. நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் வீட்டில் பழைய எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்து பல்புக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். தட்டை நகர்த்த நகர்த்த வட்டமும் கூடவே நகரும்.

இந்தக் கீறல்களை எடுக்கத்தான் மெஷின் பாலிஷ். கடைக்காரருக்குத் தாய்மொழி தெலுங்கு. பையன்களைத் திட்டுவது கன்னடத்தில். என்னிடம் பேசியது தமிழ். எல்லைப்புறத்து ஊர்களில் இது சகஜம். கூட வேலை செய்த பையன்கள் இரண்டு பேர், இருபது இருபத்திரண்டு வயசு இருக்கும். அவரை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள். கறுப்பு செடான் ஒன்றின் பானெட்டில் மாஸ்டர் மெஷினை ஓட்டினார். பாதி பானெட்டுக்கு நாலைந்து நிமிஷம். அப்புறம் ஒரு பையன் வந்து துடைக்க ஆரம்பித்தான். துடைத்தான், துணியைத் திருப்பினான், துடைத்தான், எதையோ ஸ்பிரே அடித்தான், மறுபடி துடைத்தான், டார்ச் அடித்துப் பார்த்தான். பத்து நிமிஷம் தாண்டிவிட்டது.

"மெஷின் ஓடுறதைவிட இதுக்குத்தான் ஜாஸ்தி நேரம் ஆகும்போல?" என்றேன்.

"மெஷினை ரெண்டு வாரத்துல கத்துக்கலாம் சார்" என்றார் மாஸ்டர். "துடைக்கிறவன் சரியில்லேன்னா நான் பண்ணது என்னன்னு எனக்கே தெரியாது. ஸ்வல்ப பொறுங்க, காட்டறேன்."

அவர் காட்டினதைச் சொல்வதற்கு முன்னால், அந்த வெள்ளைப் பொடியில் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

மூன்று சமாசாரம். ஒன்று, அராவுகிற துகள். பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு. எமரி தாளில் இருக்கிற அதே வஸ்து, இன்னும் ரொம்பப் பொடிசாக. இரண்டு, அந்தத் துகள் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதற்காகச் சேர்த்த எண்ணெய், மெழுகு வகையறா. மூன்று, உங்கள் வண்டியின் பெயின்ட்.

'எங்கள் கார் சிவப்பாச்சே, பொடி வெள்ளையா இருக்கே?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அம்பாஸடர் காலத்தில் பாலிஷ் போட்டால் துணி சிவப்பாகத்தான் ஆகும். அப்போதெல்லாம் நிறம்தான் மேல்பூச்சு. நம் ஊர் ஷெட்டுகளில் வயசான பெயின்டர்கள் இன்றைக்கும் 'டூகோ பெயின்ட்' என்பார்கள். அது அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி 1920-களில் கொண்டுவந்த ஒரு லாக்கரின் வணிகப் பெயர். சரக்கு மாறி எத்தனையோ காலம் ஆகியும் பெயர் மட்டும் நம் ஷெட்டுகளில் தங்கிவிட்டது. அம்பாஸடரே 2014-ல் நின்றுபோய்விட்டது. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு நிறத்தின் மேலே கண்ணாடி மாதிரி நிறமில்லாத ஒரு படலம் அடித்திருப்பார்கள். க்ளியர் கோட் என்று பெயர். மெஷின் சுரண்டுவது அந்தப் படலத்தை. அதற்கு நிறம் கிடையாது; ஆகவே துணியில் தெரியாது. (சில திட நிற வண்டிகளில் இப்போதும் அந்தப் படலம் இருக்காது. துணியில் நிறம் ஒட்டினால் உடனே மாஸ்டரிடம் சொல்லுங்கள்.)

அந்தப் படலம் எவ்வளவு தடிமன் தெரியுமா? சுமாராக நாற்பது மைக்ரான். மனிதத் தலைமுடி ஒன்று எழுபது மைக்ரான் பக்கம் வரும். அதாவது உங்கள் தலையில் மிச்சம் இருக்கிற ஒரு முடியின் பாதிக்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவுதான்.

நான் காமர்ஸ் படித்தவன். கணக்கு என்றால் கை சும்மா இருக்காது. பெயின்ட் அடித்த வெளிப்பரப்பு பத்து சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது மைக்ரான் என்றால் மொத்தம் 400 மில்லி. அரை லிட்டர் பால் பாக்கெட்டில் பால் போதவில்லை என்று புகார் செய்கிற அளவு. காரின் மொத்தப் பாதுகாப்பும் அதுதான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிற சேர்மானம் அதில்தான் இருக்கிறது. நன்றாக ஒரு காம்பவுண்ட் போட்டு மூன்று மைக்ரான் எடுத்தார்கள் என்றால் 30 மில்லி போய்விட்டது. இரண்டு மேஜைக்கரண்டி. துணியோடும், காற்றோடும், கழுவின தண்ணீரோடும்.

இது வங்கிக் கணக்கு மாதிரி இல்லை. எடுக்கலாம், போட முடியாது. பானெட்டும் கூரையும் சொறி பிடித்த மாதிரி வெளுத்துத் தோல் உரிந்து நிற்கிற வண்டிகளைப் பார்த்திருப்பீர்களே, அங்கே அந்தப் படலம் தேய்ந்தோ வெயிலில் கெட்டோ போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு பாலிஷ் கிடையாது, மறுபடி பெயின்ட்தான். அதனால் ஒரே வண்டிக்கு வருஷா வருஷம் தீபாவளிக்கு எண்ணெய்க் குளியல் மாதிரி காம்பவுண்ட் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீரென்கிறது.

சரி, மாஸ்டர் காட்டினதுக்கு வருகிறேன்.

பையன் பானெட்டின் வலதுபக்கத்தில் ஒரு பகுதியை மட்டும் காய்ந்த துணியால் துடைத்து நிறுத்தினான். கறுப்பு கண்ணாடி மாதிரி மின்னியது. ஒரு கீறல் இல்லை. மாஸ்டர் டார்ச் அடித்தார். அப்போதும் இல்லை. 'பிரமாதம்' என்று நானே சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு பாட்டிலை எடுத்து இரண்டு தடவை ஸ்பிரே அடித்து, வேறு ஒரு துணியால் ஒற்றித் துடைத்தார். ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. மறுபடி டார்ச். ஆறேழு கீறல்கள் அழகாகப் படுத்திருந்தன.

என்ன ஆயிற்று? எங்கேயிருந்து வந்தன? எங்கேயிருந்தும் வரவில்லை. அங்கேயேதான் இருந்தன. காம்பவுண்டில் இருந்த எண்ணெய் பள்ளங்களில் இறங்கி நிரவிவிட்டிருந்தது. ஆற்றில் பொறுக்கின கூழாங்கல் தண்ணீரில் இருக்கும்போது எவ்வளவு அழகு! வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்தால் வெளிறிப்போய் உட்கார்ந்திருக்கும். அதே கதைதான். கிரானைட் வியாபாரத்தில் இது இன்னும் வெளிப்படை. பாலிஷ் போடாத கல்லின் மேல் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றித்தான் நிறம் காட்டுவார்கள். ஆனால் அங்கே ஊற்றுகிறவருக்கும் தெரியும், பார்க்கிறவருக்கும் தெரியும், அது தண்ணீர் என்று. கார் விஷயத்தில் பார்க்கிறவருக்குத் தெரியாது. இரண்டு மூன்று தடவை ஷாம்பு போட்டுக் கழுவி, ஒரு மாதம் வெயிலும் மழையும் பட்ட பிறகு எண்ணெய் போய்விடும். கீறல் திரும்பி வந்து நிற்கும். 'போன மாசம்தான் பாலிஷ் போட்டேன், அதுக்குள்ளே இப்படி ஆயிடுச்சே, நம்ம ரோடு சரியில்லை' என்று நாம் ரோட்டைத் திட்டுவோம்.

பி.காம். படிக்கும்போது ஆடிட்டிங் வகுப்பில் 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள். மார்ச் 31-ம் தேதி ஒரு நாளைக்கு மட்டும் கம்பெனியின் கணக்கு அழகாகத் தெரிகிற மாதிரி அங்கே இங்கே தள்ளி வைப்பது. ஏப்ரல் வந்தால் பல்லிளிக்கும். எண்ணெய் துடைக்காத பாலிஷ் அதேதான். புது வண்டிக்காரருக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. பழைய வண்டி வாங்கப் போகிறவர்தான் மாட்டிக்கொள்வார். விற்கிறதுக்கு முந்தின நாள் பாலிஷ் போட்டு, நிழலில் நிறுத்தி, சாயங்காலமாக வரச்சொல்வார்கள். சட்டத்தில் இது குற்றமா என்று எனக்கு வேண்டியதில்லை. நீங்கள் மதியம் போங்கள். வெயிலுக்கு வண்டியை நகர்த்தச் சொல்லுங்கள். எழுத்து இடுக்கில் வெள்ளை இருந்தால், நேற்று பாலிஷ் போட்டது என்று புரிந்துகொண்டு விலை பேசுங்கள்.

மாஸ்டர் அடித்த ஆஸ்பத்திரி வாசனைக்கு இப்போது வருவோம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். 2020-ல் கொரோனா வந்த பிறகு இந்தப் பெயரைத் தெரியாதவர்கள் குறைவு. கையில் தேய்த்துக்கொண்ட சானிடைசர்கள் பலவற்றில் இருந்தது இதுதான். கார் வேலைக்கு அதைத் தண்ணீர் விட்டுக் கலக்கித்தான் பயன்படுத்த வேண்டும். பத்துப் பதினைந்து சதவிகிதம் போதும் என்கிறவர்களும் உண்டு, பாதிக்குப் பாதி என்கிறவர்களும் உண்டு. அப்படியே ஊற்றினால் பெயின்ட் இளகும் அபாயம் இருக்கிறது. சமீபத்தில் டிங்கரிங் பண்ணிப் புதுசாக அடித்த பகுதி என்றால், பெயின்டரைக் கேட்காமல் கிட்டே கொண்டுபோகாதீர்கள். சீக்கிரம் தீப்பிடிக்கிற சரக்கு என்பதையும் மறக்க வேண்டாம். பக்கத்து டீக்கடை அடுப்பை மாஸ்டர் ஜாடையாகக் காட்டினார். அந்த வேலையை அவர்கள் கொட்டகையின் அந்தக் கோடியில்தான் செய்கிறார்கள்.

துணி. இங்கேதான் நம் ஊர் ஷெட்டுகளில் பாதி கதை கெடுகிறது.

தமிழ்நாட்டில் எந்த மெக்கானிக் ஷெட்டுக்குப் போனாலும் மூலையில் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் இருக்கும். திருப்பூரில் பனியன் வெட்டினது போக விழுந்த துண்டு துணிகள். கிலோ கணக்கில் வரும். கிரீஸ் துடைக்க அதைப்போல வேறு இல்லை. எண்ணெய்க் கையைத் துடைக்கலாம், எஞ்சினைத் துடைக்கலாம். ஆனால் பாலிஷ் போட்ட கறுப்பு பானெட்டை? அந்தத் துண்டுகளில் தையல் இருக்கிறது, நைலான் நூல் இருக்கிறது, எலாஸ்டிக் இருக்கிறது. போன வேலையில் துடைத்த இரும்புத் தூளும் இருக்கலாம். மெஷின் எடுத்த கீறலைத் துணி திருப்பிப் போட்டுவிடும். 'நான் துடைக்கத்தானே செய்தேன்' என்பான் பையன். உண்மைதான்.

அதனால்தான் மைக்ரோஃபைபர். இது வந்த வழி சுவாரஸ்யமானது. 1970-ல் ஜப்பானின் டோரே கம்பெனியில் மியோஷி ஒகமோட்டோ என்கிற விஞ்ஞானி, பட்டு நூலைவிட மெல்லிய இழைகளை உண்டாக்கி, மான்தோல் மாதிரி ஒரு துணி செய்தார். அந்த இழை நுட்பத்தின் வாரிசுகள்தான் இன்று நம் வீட்டில் மூக்குக்கண்ணாடி துடைப்பதிலிருந்து கார் துடைப்பது வரை வந்திருக்கின்றன. பாலியஸ்டரும் நைலான் வகையும் கலந்த இழையைப் பிளந்துவிடுகிறார்கள். பிளவுகளில் தூசியும் எண்ணெயும் போய் உட்கார்ந்துகொள்ளும். பருத்தித் துணி அழுக்கைத் தள்ளிக்கொண்டு போகிறது. இது உள்ளே வாங்கிக்கொள்கிறது. எவ்வளவு வாங்கும் என்பதற்கு ஒரு எல்லை உண்டு. அதனால்தான் அந்தப் பையன் துணியைத் திருப்பிக்கொண்டே இருந்தான். நாலாக மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும். எட்டும் முடிந்தால் அடுத்த துணி. ஒரு காருக்கு எத்தனை என்று எண்ணினேன். பதினாலு.

தரையில் விழுந்த துணியை அவன் எடுக்கவே இல்லை. காலால் ஒரு ஓரத்துக்குத் தள்ளினான். "அதுல மண்ணு ஒட்டியிருக்கும் சார். இனிமே அது டயருக்குத்தான்" என்றான். எனக்கு அவன் மேல் மரியாதை வந்த இடம் அது.

துடைப்பதில் பலத்தைக் காட்டக் கூடாது என்பதும் அவன் சொன்னதுதான். காய்ந்து இறுகின காம்பவுண்டை அழுத்தித் தேய்த்தால் அராவுகிற துகளை மறுபடி பெயின்டில் தேய்க்கிறோம் என்று அர்த்தம். இறுகினதன் மேல் கொஞ்சம் ஈரம் காட்ட வேண்டும். ஸ்பிரே அடித்து அரை நிமிஷம் ஊறவிட்டால் தானாக விட்டுக்கொடுக்கும். வரவில்லை என்றால் மறுபடி ஸ்பிரே. அதற்கெல்லாம் முன்னால், இறுகவே விடாமல் பார்த்துக்கொள்வது உத்தமம். வெயிலில் கொதிக்கிற தகட்டின் மேல் காம்பவுண்ட் போட்டால் மெஷினை எடுப்பதற்குள் அப்பளம் ஆகிவிடும். கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் அடி உயரத்துக்குக் கிட்டே இருக்கிற ஓசூர்க்காரர்கள் இந்த விஷயத்தில் புண்ணியம் செய்தவர்கள். மே மாதத்து சென்னையில் நடைபாதையோரம் இந்த வேலை பார்க்கிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அவர்கள் விடியற்காலையில்தான் செய்ய வேண்டும்.

அளவும் முக்கியம். மெஷினின் பஞ்சு வட்டில் பட்டாணி அளவில் நாலு பொட்டு. அவ்வளவே. 'நிறைய ஊத்தினா நிறைய பளபளக்கும்' என்று நினைத்து ஊற்றுகிறவர்கள்தான் கண்ணாடி, வைப்பர், ரப்பர் எல்லாவற்றிலும் தெறிக்கவிட்டு, இடுக்குகளில் வெள்ளையைக் குடிவைக்கிறவர்கள். மாஸ்டர் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் மெஷினை நிறுத்தி, பஞ்சின் மேல் பிரஷ் வைத்து, கம்ப்ரஸர் காற்று அடித்துச் சுத்தம் செய்தார். பழைய காம்பவுண்டும் சுரண்டின பெயின்டும் பஞ்சில் சேர்ந்து கட்டிதட்டினால் அதுவே கீறும், சூடும் ஏற்றும். ஆரம்பிக்கும் முன்னே ரப்பரையும் கறுப்பு பிளாஸ்டிக்கையும் எழுத்துகளையும் மாஸ்கிங் டேப் போட்டு மூடியிருந்தார். அதை மூட அரை மணி நேரம். மூடாமல் விட்டால் இடுக்கில் ஏறினதை எடுக்க ஒரு நாள். உங்கள் வண்டியில் ஏற்கெனவே ஏறியிருந்தால் சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷும், அதிலும் மென்மையான ரகம். பிளாஸ்டிக்கில் படிந்த வெள்ளைக்குக் குழந்தையின் பென்சில் ரப்பரை முயன்று பாருங்கள், நிறைய போய்விடும். மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம். ரப்பர் உப்பிவிடும்.

இவ்வளவு துடைப்பும் எதற்கு, கழுவினால் போகாதா என்றால், இப்போது எல்லாரும் ஆசைப்படுகிற செராமிக் கோட்டிங்கைச் சொல்ல வேண்டும். பத்தாயிரத்தில் ஆரம்பித்து மேலே மேலே போகிறது விலை. அந்தத் திரவம் பெயின்டோடு நேரடியாகப் பிடித்துக்கொண்டால்தான் நிற்கும். நடுவில் பாலிஷ் எண்ணெய் இருந்தால் அது எண்ணெயைத்தான் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் போகும்போது உங்கள் பணமும் கூடவே போகும். பெயின்டர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி சிலிகான். சிலிகான் கலந்த பாலிஷின் மிச்சம் இருக்கிற தகட்டில் பெயின்ட் அடித்தால், அடித்த பெயின்ட் விலகி விலகிக் குட்டிக் குட்டிப் பள்ளங்களாக நிற்கும். மீன் கண் என்கிறார்கள். பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டு, மூன்று நாள் உழைத்தது ஒரு நிமிஷத்தில் பாழ். அதனால் பல பெயின்ட் ஷெட்டுகளில் சிலிகான் பாலிஷ் பாட்டிலை உள்ளேயே விடமாட்டார்கள். பெயின்ட் அடிக்க வண்டியை விடும்போது, எப்போது என்ன பாலிஷ் போட்டீர்கள் என்று கேட்டால் எரிச்சல்படாமல் சொல்லுங்கள்.

எனக்கு உறுத்தினது வேறு ஒன்று. கம்ப்ரஸர் காற்று அடிக்கும்போது கொட்டகை முழுக்க வெள்ளையாகப் பறந்தது. மாஸ்டர் மூக்கை மூடிக் கர்ச்சீப் கட்டியிருந்தார். துடைக்கிற பையன்கள் அதுவும் இல்லை. பழைய வகை ரப்பிங் காம்பவுண்டுகள் சிலவற்றில் சிலிக்கா உண்டு. சிலிக்காத் தூசி நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்தால் திரும்பி வராது. சிலிகோசிஸ் என்ற நோய்க்கு குணமாக்குகிற மருந்து கிடையாது. அதே வட்டாரத்தில் கல் உடைக்கிறவர்களும் அறுக்கிறவர்களும் பயப்பட வேண்டிய நோய் அது. பாலிஷ் கடையில் அந்த அளவு தூசி இல்லை என்று வாதாடலாம். சிலிக்கா இல்லாத காம்பவுண்ட்தான் என்றும் சொல்லலாம். ஆனாலும், கொரோனா சமயத்தில் நாமெல்லாம் மாட்டிக்கொண்டோமே என்-95, அதில் ஒன்றை மாட்டிக்கொள்வதில் என்ன கஷ்டம்? கேட்டேன். "வேர்க்குது சார்" என்றான் பையன். மாஸ்டர், "சொன்னா கேக்க மாட்டானுங்க" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. துணியைப் பதினாலு தடவை மாற்றவைக்கத் தெரிந்த மனுஷருக்கு மாஸ்க் மாட்டவைக்க முடியாதா?

சம்பளத்தைப் பற்றியும் கேட்டேன். மெஷின் பிடிக்கிறவருக்கு வாங்குகிறதில் பாதிகூடத் துடைக்கிறவனுக்கு அந்தக் கடையில் இல்லை. "கஸ்டமர் மெஷினுக்குத்தான் சார் காசு தர்றார்" என்றார் மாஸ்டர், விகற்பமில்லாமல். அவர் எழுதின பில்லை வாங்கிப் பார்த்தேன். வாஷிங், காம்பவுண்ட், பாலிஷ், வேக்ஸ் என்று நாலு வரி இருந்தது. துடைப்புக்கு வரி இல்லை. கடைக்கு வருகிறவர்கள் 'என்ன மெஷின், எந்த ஊர் காம்பவுண்ட்?' என்று கேட்கிறார்களாம். 'எத்தனை துணி வெச்சிருக்கே?' என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லையாம். நீங்கள் கேளுங்கள். 'பாலிஷ் முடிச்சதும் எண்ணெயை எடுத்துட்டு வெயில்ல வெச்சுக் காட்டுப்பா' என்று வேலையை ஒப்படைக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஒழுங்கான கடைக்காரர் என்றால் சந்தோஷப்படுவார். 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்' என்பவராக இருந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

நான் கிளம்பும்போது ஐந்து மணி இருக்கும். கறுப்பு செடான் முடிந்திருந்தது. பையன் பதினாலு துணிகளையும் வாளியில் தனியாக அலசிக்கொண்டிருந்தான். கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவம் எதுவும் சேர்க்கக் கூடாதாம். இழையின் பிளவை அடைத்துவிடுமாம். ரோட்டுப் பக்கம் கொடி கட்டியிருந்தும் அங்கே காயப்போடவில்லை. கொட்டகைக்குப் பின்னால், ஒரு ரோஜாத் தோட்டத்து வேலியை ஒட்டிக் கட்டியிருந்த கம்பியில் ஒவ்வொன்றாகப் போட்டான். தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து கல் லாரி ஒன்று வந்தது. போட்டதையெல்லாம் அவசரமாக எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினான்.